தைப்பூசம் முடிஞ்ச கையோட முக்கா ஹெட் பக்கம் டென்ட் போடலாம்னு பிளான், பினாங்கு ஆளுங்க கொஞ்சம் வாங்களேன்

செந்தூல்காரன்:

வணக்கம் மக்களே. நான் கேஎல், செந்தூல் பக்கம். வர்ற தைப்பூசத்துக்கு குடும்பத்தோட பினாங்கு வரோம், மச்சான் தண்ணீர்மலை முருகன் கோயில்ல காவடி எடுக்குறாரு. வழக்கமா முடிஞ்சதும் ஜோர்ஜ் டவுன்ல ரெண்டு நாள் ஹோட்டல்ல படுத்து எந்திரிச்சு, நாசி கண்டார் சாப்பிட்டுட்டு வீடு திரும்பிடுவோம். இந்த தடவ பையன் விடமாட்டேங்குறான், ஸ்கூல்ல சாரணர்ல சேர்ந்ததுல இருந்து டென்ட் டென்ட்னு ஒரே அனத்தல், சரின்னு நானும் ஆன்லைன்ல 90 வெள்ளிக்கு (ரிங்கிட்) நாலு பேர் படுக்குற டென்ட் ஒண்ணு வாங்கிட்டேன், ஹால்ல போட்டுப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு.

மேப்ல பார்த்தேன், தீவோட மேல இடது மூலை கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு போகுதே, முக்கா ஹெட், அங்க லைட்ஹவுஸ் இருக்கு, பக்கத்துலயே பீச் இருக்கு, அப்ப பீச்சுல டென்ட் போட்டு காலையில லைட்ஹவுஸ் ஏறிட்டு வந்துடலாம்னு கணக்கு. நான், வீட்டுக்காரம்மா, 13 வயசு பையன், 10 வயசு பொண்ணு, மச்சான், ஆக அஞ்சு பேரு. தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில உள்ள போயி ரெண்டு ராத்திரி.

கேள்வி என்னன்னா, யார்கிட்ட பெர்மிட் வாங்கணும், எந்த பீச் நல்லது, டாய்லெட் இருக்கா (இது வீட்டுக்காரம்மா கேள்வி, பதில் இல்லன்னா ஆள் வரமாட்டாங்க), குடிக்க தண்ணி கிடைக்குமா. இன்னொன்னு, எங்க அம்மா கேரித் தீவு தோட்டத்துல பிறந்து வளர்ந்தவங்க, பிளான சொன்னதும் "பௌர்ணமிக்கு மறுநாளாடா கடலோரத்துல படுக்கப் போறீங்க, வேணாம்"னு ஒரே பிடிவாதம். பேய் பிசாசு சமாச்சாரமான்னு கேட்டா முறைக்கிறாங்க. அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?


பாலேக்பூலாவ் வாசி:

தம்பி, மொதல்ல அம்மா கால்ல விழுங்க. உங்க பிளான்லயே பெரிய ஓட்டைய அவங்கதான் கண்டுபிடிச்சிருக்காங்க. கேரித் தீவுல பண்டு, அதாவது மண் கரை கட்டித்தான் கடல் தண்ணிய வெளிய நிறுத்தி வச்சு தோட்டம் போட்டிருக்காங்க, அங்க வளர்ந்தவங்களுக்கு எந்த நாள்ல தண்ணி ஏறும்னு சொல்லித் தரவே வேணாம்.

தைப்பூசம்னாலே பௌர்ணமி. பௌர்ணமி, அமாவாசை ரெண்டுக்கும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டுல நின்னு இழுக்கும், அப்பதான் கடல் ஏத்தம் பெருசு. அதுலயும் உச்சம் அன்னைக்கே வராது, ஒண்ணு ரெண்டு நாள் தள்ளித்தான் வரும். அதாவது நீங்க கரெக்டா டென்ட் போடப் போற ராத்திரி! பினாங்கு பக்கம் அந்த மாதிரி நாள்ல ஏத்தத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஆறடி வித்தியாசம் இருக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு இறக்கம், அதுல ஒரு ஏத்தம் நீங்க தூங்குறப்பதான்.

நான் பட்டிருக்கேன், அதனால சொல்றேன். அஞ்சாறு வருசத்துக்கு முன்ன நாங்க நாலு பசங்க அதே மூலையில இருக்குற கெராச்சுட் பீச்சுல பௌர்ணமிக்கு அடுத்த ராத்திரி மணல்ல டென்ட் அடிச்சோம். சாயங்காலம் தண்ணி எங்கயோ தூரத்துல கிடக்கு, மணல் மாவு மாதிரி காஞ்சு கிடக்கு, நிலா வேற பால் மாதிரி. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், டென்ட் வாசல்ல டொக்கு டொக்குன்னு சத்தம், குரங்குன்னு நெனச்சு டார்ச் அடிச்சா என் சிலிப்பர் ஒத்தக்கால் மிதந்து வந்து கம்பில முட்டிக்கிட்டு இருக்கு. இன்னொண்ணு போனது போனதுதான். அடுத்த அலைக்கு படுக்கையெல்லாம் நனைஞ்சுடுச்சு, அரிசி மூட்டை நனைஞ்சுடுச்சு, விடியற வரைக்கும் மரத்தடியில குத்தவச்சு உக்காந்திருந்தோம். யாரும் சாகலை, ஆனா சின்னப் புள்ளைங்க கூட இருந்தா அது வேற கதை.

இடம் பார்க்குறது எப்டின்னா, மணல்ல குப்பைக் கோடு ரெண்டு இருக்கும். கீழ ஈரமா இருக்குறது இன்னைக்கு வந்த தண்ணி விட்டுட்டுப் போனது. அதுக்கு மேல காஞ்ச குச்சி, பிளாஸ்டிக் பாட்டில், தேங்கா மட்டை எல்லாம் ஒதுங்கிக் கிடக்கும் பாருங்க, அதுதான் பெரிய தண்ணி வந்த கோடு. அதுக்கும் மேல அடப்பங்கொடி படர்ந்திருக்கும், ஊதாப் பூ பூக்குமே, மலாய்க்காரங்க தாப்பாக் கூடான்னு சொல்வாங்க, அந்தக் கொடிக்குப் பின்னால போயிட்டா பயமில்ல. எல்லாத்தையும் விட நல்லது, கேம்ப்சைட்டுன்னு ஒதுக்கின மரத்தடி இடத்துலயே போடுங்க. மணல்ல போட்டாதான் போட்டோ நல்லா வரும்னு ஆசப்படாதீங்க.

நான் சொன்னா என் பேச்சு இதுதான்: தைப்பூசம் முடிச்சு வீட்டுக்குப் போயிடுங்க, ஒரு வாரம் கழிச்சு தேய்பிறை அஷ்டமி நவமி பக்கமா திரும்பி வாங்க. அஷ்டமில நம்மாளுங்க ஒரு நல்ல காரியமும் தொடங்கமாட்டோம், ஆனா டென்ட் அடிக்க அதவிட நல்ல நாள் கிடையாது. அரை நிலா நாள்ல ஏத்தம் இறக்கம் வித்தியாசம் பௌர்ணமில இருக்குறதுல பாதி கூட இருக்காது. வீட்டு சுவர்ல தொங்குற தினசரி காலண்டரே போதும், நேரம் துல்லியமா வேணும்னா கடற்படையோட ஹைட்ரோகிராஃபி நிலையம் வருசா வருசம் பாசாங் சூருட், அதாவது ஏத்த இறக்க அட்டவணை போடுது, அதப் பாருங்க. ஒவ்வொரு நாளும் ஏத்தம் முக்கா மணி நேரத்துக்கு மேல பிந்தி வரும், நேத்து பார்த்த நேரத்த இன்னைக்கு நம்பாதீங்க.

பெர்மிட் விசயம். அந்த மூலை முழுக்க தாமான் நெகாரா பூலாவ் பினாங், 2003ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க, அதுக்கு முன்ன பந்தாய் ஆச்சே காட்டு ரிசர்வ். பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்குத் துறை கண்காணிப்புல இருக்கு. தெலுக் பாஹாங் கடைசில, பஸ் 101 போய் நிக்கிற இடம் தாண்டினா ஆபீஸ். ராத்திரி தங்கணும்னா முன்கூட்டியே கேட்டு அனுமதி எடுக்கணும், எந்தப் பாதை திறந்திருக்கு எது மூடியிருக்குன்னும் அப்பவே கேட்டுக்குங்க, மண் சரிஞ்சு மரம் விழுந்தா பாதைய மூடிடுவாங்க. 2017 நவம்பர் பெருமழைக்கு அப்புறம் எங்க தீவுல மலைப்பாதைன்னாலே இந்தக் கதைதான்.

இன்னொரு விசயம், நீங்க மேப்ல பார்த்தது ஒரே இடம் மாதிரி தெரியும், ஆனா உள்ள போனதும் பாதை ரெண்டா பிரியும். வலது பக்கம் கடலோரமா தெலுக் ஆலிங், அங்க யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தோட கடல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அப்புறம் தெலுக் டூயோங், அதாவது மங்கி பீச், அங்கிருந்து மலையேறினா லைட்ஹவுஸ். இடது பக்கம் மலையத் தாண்டி இறங்கினா கெராச்சுட், அதத் தாண்டி தெலுக் கம்பி. லைட்ஹவுஸ் 1883ல கட்டினது, கட்டடம் 14 மீட்டர்தான், ஆனா அது நிக்கிற குன்று கடல்மட்டத்துல இருந்து 242 மீட்டர், செங்குத்தா ஏறணும், முட்டி வலி இருக்குறவங்க யோசிங்க. அமைதியா தங்க கெராச்சுட், லைட்ஹவுஸ் ஆசைக்கு மங்கி பீச். ரெண்டையும் ஒரே பயணத்துல கோக்காதீங்க.


ரோத்தி பறிகொடுத்தவன்:

குரங்கப் பத்தி யாருமே சரியா சொல்லல. நீண்ட வால் குரங்கு, கேரான்னு சொல்வோம்ல, அது ஜிப்ப திறக்கும். ஆமா, ஜிப்ப திறக்கும். நான் கண்ணால பார்த்தேன், ஒரு தாய்க்குரங்கு எங்க டென்ட் ஜிப்ப பல்லால கடிச்சு இழுத்து, ரொட்டி பாக்கெட்ட எடுத்துக்கிட்டு, போறப்ப நெத்திலி சம்பால் டப்பாவையும் தூக்கிட்டுப் போச்சு, மரத்துல உக்காந்து மூடிய திறந்து ஒரு விரல் நக்கிப் பார்த்துட்டு கீழ போட்டுடுச்சு, காரம் போல லா. சம்பால் மணல்ல, ரொட்டி அது வயித்துல, நாங்க பட்டினி.

சாப்பாட டென்ட்டுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க. கொக்கி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, மூடி இறுக்கமானது, அது மேல ஒரு கயிறும் கட்டுங்க. கையில பிளாஸ்டிக் பை தொங்கவிட்டு நடக்காதீங்க, பை சத்தம் கேட்டாலே கும்பல் வந்துடும். பல்ல காட்டி சிரிக்காதீங்க, அதுக்கு அது சண்டைக்கு அழைக்கிற மாதிரி.


மூணு பிள்ளைங்க அம்மா:

வீட்டுக்காரம்மா கேள்விக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா இந்த ஆம்பளைங்க யாரும் அதுக்கு வரல. அண்ணா, கெராச்சுட்ல டாய்லெட் கட்டடம் இருக்கு, ஆனா குழாயில தண்ணி வருமா வராதாங்குறது அன்னைக்கு நிலவரம். நான் போனப்ப மலையில இருந்து வர்ற தண்ணி, நூல் மாதிரி வந்துச்சு. ஒரு வாளி, ஒரு மக்கு, ஈர டிஷ்யூ, கறுப்பு குப்பைப் பை, இத கையோட கொண்டு போயிட்டா அண்ணி சமாளிச்சுடுவாங்க. துணி மாத்த பழைய கைலி ஒண்ண கழுத்துல போட்டுக்கிட்டா போதும். போர்த்திக்கவும் அதே கைலிதான், ஸ்லீப்பிங் பேக் வாங்கி காச கரியாக்காதீங்க, நம்ம கடலோர ராத்திரில அதுக்குள்ள படுத்தா இட்லி மாதிரி வெந்துடுவீங்க.

ஜனவரி பிப்ரவரி பினாங்குல மழை கம்மி, அது உங்களுக்கு நல்லது, ஆனா ஓடை வத்திப் போகும், அதனால குடிக்கிற தண்ணி முழுக்க நீங்களே கொண்டு போகணும். கணக்குப் போடுங்க, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்க, சமைக்க மூணு லிட்டர்னாலும் அஞ்சு பேருக்கு 15, ரெண்டு நாளைக்கு மேல இருக்கீங்க, 30 லிட்டர் தாண்டுது. அதுவே 30 கிலோ. இத தூக்கிக்கிட்டு யார் மலையேறுறது? ஓடைத் தண்ணிய குடிக்கணும்னா நல்லா கொதிக்க வச்சுத்தான். எலி மூத்திரக் காய்ச்சல், கென்சிங் தீக்கூஸ், கேம்ப் போடுற இடத்துல அது ஒரு உண்மையான பயம், டின் பானம் குடிச்சா வாய் வைக்கிற இடத்த கழுவிட்டுக் குடிங்க, கால்ல காயம் இருந்தா தேங்கின தண்ணில இறங்காதீங்க. காவடி எடுத்த மச்சானுக்கு இத தனியா சொல்லுங்க, அன்னைக்கு வெறுங்கால்ல நடந்து பாதம் எப்டி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

கெராச்சுட்ல கடல்ல இறங்கவிடாதீங்க, ஜெல்லிஃபிஷ் இருக்கு, ஓபோர்-ஓபோர். பினாங்கு கடல்ல பெட்டி மாதிரி இருக்குற விஷ ஜாதியும் உண்டு. ஒரு பாட்டில் வெள்ளை வினிகர் கண்டிப்பா பையில இருக்கட்டும், பட்டா வினிகர ஊத்தணும், மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணி ஊத்தக் கூடாது, மூச்சு வாங்கினா உடனே ஆஸ்பத்திரி. என் நடுவுலவன் கணுக்கால் அளவு தண்ணில நின்னதுக்கே சூடு போட்ட மாதிரி கோடு விழுந்துச்சு, ரெண்டு மணி நேரம் அழுதான். அகாஸ் கடி வேற, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மணல்ல உக்காந்தா கண்ணுக்கே தெரியாத பூச்சி கால் முழுக்க பதம் பார்க்கும், கொசுவத்திக்கு மசியாது, முழுக்கால் பேண்ட் போட்டு தைலம் பூசிக்கணும்.

ஆனா பிள்ளைங்களுக்கு அங்க பார்க்க விசயம் இருக்கு அண்ணா. ஆமை நிலையம் இருக்கு, முட்டைய எடுத்து பத்திரமா பொரிக்க வச்சு குஞ்ச கடல்ல விடுறாங்க. ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பச்சை ஆமை, செப்டம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ஆலிவ் ரிட்லி, தமிழ்நாட்டு மீனவங்க பங்குனி ஆமைன்னு சொல்றது. நீங்க வர்றப்ப அது வர்ற கடைசிக் காலம். அதனால ராத்திரி டார்ச்ச கடல் பக்கம் அடிக்காதீங்க, பாட்டுப் போடாதீங்க, வெளிச்சம் பார்த்தா ஆமை கரையேறாம திரும்பிடும். பீச்சுக்குப் போற தொங்கு பாலத்துக்குக் கீழ ஒரு ஏரி இருக்கு, மேல நல்ல தண்ணி கீழ உப்புத் தண்ணி, ரெண்டும் கலக்காம அடுக்கா நிக்கும். மழை இல்லாத காலத்துல வெறும் சேறா கிடக்குறதும் உண்டு, அப்ப பையன் "இதுக்கா இவ்ளோ தூரம்"னு கேட்டா என்னத் திட்டாதீங்க.


ஆயர் ஈத்தாம் அண்ணன்:

எல்லாரும் நல்லா சொல்றீங்க, ஆனா ஒருத்தர் கூட போட் சவாரியப் பத்தி பேசலயே. பாலேக் பூலாவ் அண்ணே, நீங்க நடந்தே போற ஆளு, இவங்க 30 கிலோ தண்ணி, டென்ட், அடுப்பு, 10 வயசு பொண்ணு. கெராச்சுட்டுக்கு நடக்க மூணு கிலோமீட்டருக்கு மேல, ஏறி இறங்குற படி, வெறும் கையோட ஒன்னரை மணி நேரம், சாமானோட, புள்ளையோட நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. தெலுக் பாஹாங் ஜெட்டில போட் இருக்கு, போகும்போது சாமானோட போட்ல போங்க, வரும்போது தண்ணியெல்லாம் தீர்ந்து பாரம் குறைஞ்சிருக்கும், அப்ப நடந்து வாங்க, பையனுக்கும் காட்டுப் பாதை பார்த்த மாதிரி ஆச்சு. ஏறுறதுக்கு முன்னயே விலை பேசிடுங்க, திரும்பக் கூட்டிட்டு வரணும்னா நேரத்தையும் போட்காரர் போன் நம்பரையும் வாங்கிக்குங்க.

அப்புறம் அந்த 90 வெள்ளி டென்ட். ஹால்ல நிக்கிறது பெருசில்ல தம்பி, ஹால்ல காத்து அடிக்காது. மேல் துணில எத்தன மில்லிமீட்டர்னு எழுதியிருக்கும் பாருங்க, 1500க்குக் கீழ இருந்தா நல்ல மழைக்கு ஒழுகும், மேல ஒரு கன்வாஸ கயிறு கட்டி தனியா இழுத்துக் கட்டிடுங்க. கூட வர்ற கம்பி ஆணி மணல்ல நிக்காது, இழுத்தா வெண்ணெயில குத்தின கத்தி மாதிரி வந்துடும். பிளாஸ்டிக் பையில மணல ரொப்பி, வாய கயிறோட சேர்த்துக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைச்சு மிதிச்சுடுங்க, எருமை கட்டினாலும் அசையாது. வீடு திரும்புறப்ப பைய தோண்டி எடுத்துடுங்க, ஆமை முட்டை போடுற மண்ணு அது.

நாங்க ஒரு ஜூன் மாசம் போனோம், விடிகாலை நாலு மணிக்கு சுமத்ரா பக்கமிருந்து வந்துச்சே ஒரு காத்து, சுமத்ராஸ்னே அதுக்குப் பேரு, ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் ராத்திரி கிளம்பி விடியுறதுக்குள்ள நம்ம கரைய வந்து அடிக்கும், ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம்தான், ஆனா எங்க டென்ட் கம்பு ரெண்டா உடைஞ்சு துணி முகத்துல வந்து ஒட்டிக்கிச்சு. நீங்க பிப்ரவரில வர்றீங்க, இந்தத் தொல்லை இருக்காது, இருந்தாலும் கிளம்புறதுக்கு முன்ன மைச்சுவாச்சா ஆப்ல வானிலைய ஒரு தடவ பாருங்க.

அடுத்து, மச்சான். காவடி எடுத்தவர மறுநாளே டென்ட்ல படுக்க வைக்கிறது என்ன நியாயம் லா? விரதம் முடிஞ்சு அவரு தேடுறது மெத்தையும் நாசி கண்டாரும், நீங்க மணலும் மேகி மீயும் காட்டுறீங்க.


செந்தூல்காரன்:

ஹாஹா மச்சான்கிட்ட இதப் படிச்சுக் காட்டினேன், "இந்த அண்ணன் யாரு, கோயில் கட்டலாம் போல"ன்னாரு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பேர் உக்காந்து எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல.

சரி பிளான மாத்தியாச்சு. தைப்பூசம் முடிச்சு கேஎல் திரும்பிடுறோம், அடுத்த வெள்ளிக்கிழமை காலையில நாலு பேர் மட்டும், மச்சான் கழண்டுக்கிட்டாரு. காலண்டர் கிழிச்சுப் பார்த்தேன், அஷ்டமி பக்கம்தான் வருது. லைட்ஹவுஸ் இப்போதைக்கு வேணாம், கெராச்சுட் ஒரே ஒரு ராத்திரி, போட்ல போயி நடந்து வர்றது. ஒரு ராத்திரின்னா தண்ணியும் பாதியாச்சு. பொண்ணு ஆமை நிலையம்னதும் இப்பவே பேக்க தூக்கி முதுகுல மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள நடக்குறா.

அம்மாகிட்ட அஷ்டமின்னு சொன்னேன், இப்ப அதுக்கும் பிரச்சனை. "அஷ்டமில யாராவது பயணம் கிளம்புவாங்களாடா"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. பௌர்ணமியும் கூடாது அஷ்டமியும் கூடாதுன்னா நான் எப்பத்தான் போறது? இன்னொரு சந்தேகம், காடிய, அதான் கார, ஜெட்டி பக்கத்துல ராத்திரி பூரா விட்டா பரவால்லயா, இல்ல ஈடிஎஸ் ரயில்ல பட்டர்வொர்த் வந்து ஃபெரி ஏறி பஸ் பிடிக்கிறது மேலா?


பாலேக்பூலாவ் வாசி:

ஃபெரில இப்ப காடி ஏறாது, ஆளும் ரெண்டு சக்கர வண்டியும் மட்டும்தான். நீங்க வாளி, பெட்டி, கன்வாஸ்னு வர்ற லட்சணத்துக்கு ரயிலு, ஃபெரி, 101 பஸ்னு மூணு இடத்துல ஏத்தி இறக்கினா கெராச்சுட் போறதுக்குள்ள குடும்பத்துல சண்டை வந்துடும். காடிலயே வாங்க, பாலத்துல ஏறுங்க, பூங்கா வாசல்கிட்ட எங்க நிறுத்தலாம்னு ஆபீஸ்லயே கேளுங்க, வெளிய தெரியுற மாதிரி பை எதுவும் விட்டுட்டுப் போகாதீங்க. பத்து பெரிங்கி ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், சனிக்கிழமைன்னா நெரிசல், வெள்ளிக்கிழமை காலையில நல்லதுதான். வர்ற வழியில பசியாறிட்டு வந்துடுங்க, மதிய சாப்பாட்டையும் கட்டிக்குங்க, உள்ள போயி முதல் வேளையே அடுப்பு பத்த வைக்கணும்னு இல்ல. அடுப்பும் கேஸ் அடுப்பா இருக்கட்டும், காட்டுக்குள்ள விறகு மூட்ட வேணாம்.

அம்மாவுக்கு ஒரு வழி இருக்கு. அஷ்டமில நீங்க வீட்டுல இருந்து கிளம்புறீங்கன்னுதான அவங்க கவலை? வியாழக்கிழமையே பைய கட்டி காடில ஏத்தி, செந்தூல்ல ஒரு சுத்து சுத்திட்டு வீட்டு முன்னாடி நிறுத்திடுங்க. பயணம் முதல் நாளே தொடங்கியாச்சு. எங்க பாட்டி அப்டித்தான் செய்வாங்க, ஒரு மூட்டைய மட்டும் பக்கத்து வீட்டுல கொண்டு போய் வச்சுட்டு, மறுநாள் நேரம் காலம் எதுவும் பார்க்காம கிளம்பிடுவாங்க.


மூணு பிள்ளைங்க அம்மா:

அண்ணா வினிகர மறந்துடாதீங்க. சமையலறைல இருக்குற பாட்டில அப்டியே தூக்கிட்டு வராம சின்ன பாட்டில்ல ஊத்தி மேல பேர் எழுதி ஒட்டுங்க. எங்க வீட்டுக்காரரு இருட்டுல அத தண்ணின்னு நெனச்சு ஒரு மடக்கு குடிச்சுட்டாரு.